சீனாவின் காவ்காவ் ஆங்கிலத் தேர்வு: கேட்டல், வாசித்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும் வினாத்தாள் தயாரிப்பதும்தான் என் பிழைப்பு. அதனால் மற்ற நாடுகளின் கேள்வித்தாள்களைப் புரட்டுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதில் என்னை விடாமல் பிடித்துவைத்தது சீனாவின் தாள். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. சரி, மொத்தமாக ஒரே இடத்தில் எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

காவ்காவ் என்றால் என்ன? அதில் ஆங்கிலத்துக்கு என்ன இடம்?

பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போக சீன மாணவர்கள் எழுதும் பொதுத் தேர்வு. ஜூன் 7, 8 தேதிகளில் நடக்கும், சில மாகாணங்களில் 9, 10 வரை நீளும். 2024இல் பதிவு செய்தவர்கள் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர். மொத்தம் 750 மதிப்பெண், அதில் சீன மொழி 150, கணக்கு 150, அந்நிய மொழி 150. அந்நிய மொழி என்றால் ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ரஷ்யன், ஜப்பான், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் எதையும் எடுக்கலாம். ஆனாலும் மிகப் பெரும்பாலானவர்கள் எழுதுவது ஆங்கிலம். ஆங்கிலத்தில் முக்கி முக்கிப் பார்த்தும் தேறாத பிள்ளைகள் சிலர் ஜப்பான் மொழிக்குத் தாவுவது உண்டு. அதில் பாதி எழுத்து கண்ணுக்குப் பழகிய சீன எழுத்தாகவே இருக்கும் அல்லவா.

கேட்டலுக்கு எவ்வளவு, வாசித்தலுக்கு எவ்வளவு?

தேசிய அளவில் தயாராகும் தாளில் 120 நிமிடம், 150 மதிப்பெண். கேட்டலுக்கு 30, வாசித்தலுக்கு 50, மொழிப் பயன்பாட்டுக்கு 30, எழுதுவதற்கு 40. மொழிப் பயன்பாடு என்று தனியாகப் பெயர் வைத்திருந்தாலும் அதுவும் ஒரு பத்தியைப் படித்துக் கோடிட்ட இடத்தை நிரப்புகிற வேலைதான். ஆக, படிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பேசத் தெரியுமா என்று இந்தத் தாள் கேட்பதே இல்லை.

கேட்டல் தேர்வு எப்படி நடக்கும்?

ஜூன் 8, மதியம் 3 மணி. மற்ற பாடங்களுக்குத் தேர்வு தொடங்கி 15 நிமிடம் வரை தாமதமாக வந்தாலும் உள்ளே விடுவார்கள். ஆங்கிலத்துக்கு அது நேர் தலைகீழ்: 2:45க்கே கதவு அடைபட்டுவிடும், 2:46க்கு மூச்சிரைக்க ஓடி வந்தாலும் அவ்வளவுதான், ஒலிப்பதிவு ஓடும்போது யாரும் கதவைத் திறந்து நாற்காலியை இழுக்கக் கூடாது என்பதற்காக.

மொத்தம் 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1.5 மதிப்பெண், மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் ஐந்தும் குட்டி உரையாடல்கள். ஓர் ஆண் ஒரு வரி, ஒரு பெண் ஒரு வரி, முடிந்தது. ஒரே ஒரு தடவைதான் ஓடும். முடிந்ததும் 10 நொடி கிடைக்கும். அதற்குள் விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்வியையும் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஐந்து நீளமான துண்டுகள், அவற்றுக்குப் பதினைந்து கேள்விகள். இவை இரண்டு தடவை ஓடும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் கேள்விக்கு 5 நொடி வீதம் படிக்க நேரம் தருவார்கள். கடைசித் துண்டு பெரும்பாலும் ஒரே ஆள் நின்று பேசுகிற பேச்சு.

இதெல்லாம் நடக்கும்போது மாணவர்கள் விடையைக் கேள்வித்தாளிலேயே குறித்துக்கொண்டு போவார்கள். எல்லாம் முடிந்த பிறகு விடைத்தாளில் வட்டங்களை நிரப்ப 2 நிமிடம் தனியாகக் கிடைக்கும். 2பி பென்சில். இந்த இரண்டு நிமிடத்தை அமைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. காது வேலை செய்யும்போது கை வேறு வேலை செய்யக் கூடாது என்று புரிந்தவர்.

அது என்ன சட்டை விலைக் கதை?

கேட்டல் பகுதியின் தொடக்கத்தில் ஒரு மாதிரிக் கேள்வி அச்சாகியிருக்கும். சட்டை என்ன விலை? 19 பவுண்டு 15, 9 பவுண்டு 18, 9 பவுண்டு 15. விடையும் பக்கத்திலேயே இருக்கும்: 9 பவுண்டு 15 பென்ஸ். வருஷா வருஷம் அதே சட்டை, அதே விலை! உலகத்தில் எல்லாம் விலையேறிவிட்டது, இந்த ஒரு சட்டை மட்டும் ஏறவில்லை என்று சீனப் பிள்ளைகள் இணையத்தில் கிண்டலடிப்பார்கள். பள்ளியை விட்டு வந்து பல வருஷமான ஆளிடம் போய் "சட்டை என்ன விலை?" என்று கேட்டால்கூடப் பட்டென்று விலை வரும்.

அந்த இருபது நிமிடம் ஊரே வாயை மூடிக்கொள்ளுமாமே, நிஜமா?

நிஜம்தான். பள்ளிக்கூடங்களைச் சுற்றி ஹார்ன் அடிக்கத் தடை, கட்டட வேலை நிறுத்தம், சில ஊர்களில் அந்த நேரத்துக்கு விமானங்களின் பாதையையும் நேரத்தையுமே மாற்றுகிறார்கள். பூங்காவில் பாட்டுப் போட்டுக் கூட்டமாக ஆடும் பாட்டிமார்களையும் ஒலியைக் குறைக்கச் சொல்வார்கள். 150இல் 30 மதிப்பெண் உள்ள பகுதிக்குத்தான் இவ்வளவு சடங்கு. 50 மதிப்பெண் உள்ள வாசித்தலுக்கு எந்த விமானத்தின் பாதையையும் யாரும் மாற்றுவதில்லை, அது வேறு.

கேள்விகள் கடினமா?

ஆங்கிலம் கடினமில்லை, கேள்வியில்தான் சூது இருக்கும். அந்தப் பாணியில் நானே ஒன்று செய்து காட்டுகிறேன். ஆண்: "சனிக்கிழமை எங்களோடு மலையேற வருகிறாயா?" பெண்: "வர ஆசைதான், ஆனால் அக்காவின் ரயில் பத்து மணிக்கு வருகிறது." கேள்வி: சனிக்கிழமை அந்தப் பெண் என்ன செய்வாள்? விடைகள்: மலை ஏறுவாள், ரயிலில் ஊருக்குப் போவாள், ஒருவரை அழைத்துவரப் போவாள்.

கவனித்தீர்களா, காதில் விழுந்த "மலை", "ரயில்" இரண்டும் தப்பான விடைகளில் உட்கார்ந்திருக்கின்றன. சரியான விடையில் உரையாடலில் வந்த ஒரு சொல்கூட இல்லை. பாதி கேட்டவனைப் பிடிப்பதற்கென்றே வைத்த கண்ணி இது, நல்ல வினாத்தாளுக்கு இது அழகுதான். ஆனால் இதிலேயே ஒரு கோளாறும் இருக்கிறது. "காதில் விழுந்த சொல் எந்த விடையில் இருக்கிறதோ அதை விட்டுவிடு" என்று டியூஷனில் ஒரே வரியில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒன்றும் புரியாத பையன்கூட அந்த வரியை வைத்துக்கொண்டு நாலு மதிப்பெண் தேற்றிவிடுவான். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும், அதனால் இடையிடையே கேட்ட சொல்லையே சரியான விடையாகவும் வைப்பார்கள். இரண்டு தரப்புக்கும் நடக்கும் இந்தக் கண்ணாமூச்சி முடிவதே இல்லை.

சீன மாணவர்களுக்குக் காது எங்கே இடறுகிறது?

முதலில் சொல்லின் கடைசி ஒலி. பொதுமொழியான சீனத்தில் அசைகள் உயிரிலோ, 'ன்', 'ங்' போன்ற மூக்கொலியிலோதான் முடியும். ட், க், ப் என்று வெட்டி முடிவது கிடையாது. அதனால் ஆங்கிலத்தில் 'கேன்', 'கேன்ட்' இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குட்டி 'ட்' காதில் விழாமல் நழுவிவிடும். விழாவிட்டால் முடியும் என்பதும் முடியாது என்பதும் ஒன்றாகிவிடும், ஒன்றரை மதிப்பெண் போச்சு. வேகமாகப் பேசும்போது சொற்கள் ஒட்டிக்கொள்வது அடுத்த தலைவலி. 'பிக் இட் அப்' என்று தாளில் மூன்று சொல்லாகப் படித்தவனுக்கு 'பிக்கிடப்' என்று ஒரே சொல்லாக வந்தால் அகராதியில் இல்லாத புதுச் சொல்லாகத்தான் படும்.

அப்புறம் எண்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' குழப்பம் உலகம் முழுக்க உண்டு. சீனர்களுக்குக் கூடுதலாக ஒன்று இருக்கிறது: அவர்கள் பெரிய எண்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவார்கள், அதற்கு 'வான்' என்று பெயர். நமக்கு ஒரு லட்சம், அவர்களுக்குப் பத்து வான், ஆங்கிலத்தில் நூறு ஆயிரம். லட்சத்தில் நினைத்துப் பழகிய நமக்கே 'மில்லியன்' என்று கேட்டால் மனம் ஒரு கணம் நின்று கணக்குப் போடும், அவர்கள் நிலைமையைச் சொல்ல வேண்டுமா.

வாசித்தல் பகுதியில் என்ன இருக்கும்?

நாலு பத்திகள், ஏ, பி, சி, டி என்று பெயர், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 சொற்கள். மொத்தம் 15 கேள்விகள், கேள்விக்கு 2.5 மதிப்பெண், நாலு விடைகளில் ஒன்று. 'ஏ' பெரும்பாலும் விளம்பரம், சுற்றுலாக் குறிப்பு, அருங்காட்சியக நேரம் மாதிரி, தேடி எடுத்தால் கிடைத்துவிடும். 'பி' பெரும்பாலும் ஒருவரின் வாழ்க்கைக் கதை. 'சி'யும் 'டி'யும்தான் ஆளைச் சாய்ப்பவை. பிரிட்டிஷ், அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த அறிவியல், சமூக ஆய்வுக் கட்டுரைகளைச் சுருக்கி, கடினமான சொல்லை மாற்றிப் போட்டிருப்பார்கள். கேள்விகள் எங்கே எப்போது என்பதோடு நிற்காது. எழுதியவருக்கு இதில் உடன்பாடா இல்லையா, கட்டுரையின் மூன்றாவது பாரா எதற்காக வருகிறது, இந்தத் தெரியாத சொல்லுக்கு இந்த இடத்தில் என்ன பொருள், இதற்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்றெல்லாம் போகும்.

அதன் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்தது. 'ஏழில் ஐந்து' என்று மாணவர்கள் சொல்வார்கள். ஒரு கட்டுரையிலிருந்து ஐந்து வாக்கியத்தை உருவி எடுத்துவிட்டு, கீழே ஏழு வாக்கியங்களைக் கொடுத்திருப்பார்கள். எது எங்கே உட்காரும் என்று கண்டுபிடிக்க வேண்டும், இரண்டு மிஞ்சும். உதாரணமாகக் கட்டுரை தூக்கத்தைப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். கோடிட்ட இடத்துக்கு அடுத்த வரி "அந்த வெளிச்சம் மூளைக்கு இன்னும் பகல்தான் என்று சொல்கிறது" என்று தொடங்குகிறது. "அந்த" என்ற ஒரு சொல்தான் துப்பு. முந்தைய வரியில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்தாக வேண்டும். கைப்பேசித் திரையைப் பற்றி ஒரு வாக்கியம், காப்பியைப் பற்றி ஒன்று, படுக்கையைப் பற்றி ஒன்று என்று இருந்தால் எதை எடுப்பீர்கள்? சொற்பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, ஒரு வாக்கியம் இன்னொன்றின் கையை எப்படிப் பிடித்திருக்கிறது என்று தெரிய வேண்டும். மனப்பாடம் பண்ணி இதில் தப்பிக்க முடியாது. ஒன்றைத் தப்பாக வைத்தால் பெரும்பாலும் இன்னொன்றும் சேர்ந்து சரியும், ஐந்து மதிப்பெண் ஒரே அடியில் போகும் என்பதுதான் இதன் கொடுமை.

எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?

இப்போதைய பாடத்திட்டத்தின்படி சுமார் 3000. முன்பு 3500 என்று ஒரு கணக்கு இருந்தது. இன்றைக்கும் பிள்ளைகள் பையில் அந்தச் சொற்பட்டியல் குட்டிப் புத்தகமாகக் கிடக்கும். முதல் பக்கத்திலேயே வரும் சொல் 'அபாண்டன்' (abandon), கைவிடு என்று பொருள். அகர வரிசையில் மனப்பாடம் தொடங்கி, அந்தச் சொல்லைத் தாண்டுவதற்குள்ளேயே கைவிட்டவர்கள் கதை அங்கே பழைய ஜோக்.

சீனா முழுக்க ஒரே தாளா?

இல்லை, கேட்டல் விஷயத்தில் சுத்தமாக இல்லை. பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலும் பேசுதலும் சேர்த்து 50 மதிப்பெண், கணினி முன்னால் உட்கார்ந்து எழுதுவது, வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கும், எது அதிகமோ அது கணக்கு. ஷாங்காயிலும் ஆங்கிலத்தை ஜனவரியில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை எழுதலாம்.

குவாங்தோங் மாகாணத்தில் கணினிவழிக் கேட்டல்-பேசுதல் தேர்வு 2011இலிருந்தே இருக்கிறது, 20 மதிப்பெண். முதலில் ஒரு காணொளித் துண்டைப் பார்த்து அதே ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க வேண்டும், பிறகு கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வேண்டும், கடைசியில் காதால் கேட்ட ஒரு கதையைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் அறை நிறைய மாணவர்கள் ஒரே நேரத்தில் மைக்கில் பேசினால் என்ன இரைச்சலாக இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிராக, சில மாகாணங்களில் கேட்டல் மதிப்பெண்ணை வெகுகாலம் மொத்தத்தில் சேர்க்கவே இல்லை. மீதி 120ஐ 150ஆகப் பெருக்கிவிடுவார்கள். எல்லா ஊர்ப் பள்ளியிலும் ஒரே தரத்தில் ஒலிபெருக்கி இருக்காது, கிராமத்துப் பிள்ளை பாதிக்கப்படக் கூடாது என்று இதற்கு ஆதரவாகச் சொல்வார்கள், நியாயமான கவலைதான். ஆனால் கணக்கில் வராததை எந்த ஆசிரியர் மெனக்கெட்டு நடத்துவார்? கடைசியில் அதே கிராமத்துப் பிள்ளைதான் காது பழகாமல் கல்லூரிக்குப் போய் முழிக்கும்.

காது கேளாத மாணவர்கள் என்ன செய்வார்கள்?

விண்ணப்பித்துக் கேட்டல் பகுதியிலிருந்து விலக்கு வாங்கலாம். எழுத்துப் பகுதியில் எடுத்த மதிப்பெண்ணை 150க்கு விகிதப்படி உயர்த்திக் கொடுப்பார்கள். 120க்கு 96 எடுத்தால் 150க்கு 120. பார்வையற்றவர்களுக்கு பிரெயில் தாள் 2014 முதல் உண்டு.

இந்த வடிவம் எப்போது வந்தது?

இடையில் சில வருஷம் நின்றுபோயிருந்த காவ்காவ் 1977இல் திரும்ப வந்தபோது ஆங்கிலத்துக்கு இந்த மரியாதை இல்லை. எடுத்த ஆங்கில மதிப்பெண்ணில் எவ்வளவை மொத்தத்தில் சேர்ப்பது என்பதைப் படிப்படியாகத்தான் ஏற்றினார்கள்: 1980இல் 30 சதவீதம், 1981இல் 50, 1982இல் 70, 1983இல் முழுசாக 100. அன்றைய தாள்களில் மொழிபெயர்ப்பும் இலக்கணமும்தான் ஆட்சி. 1985இல் குவாங்தோங் மாகாணத்தில் புது மாதிரித் தாளைச் சோதித்துப் பார்த்தார்கள். குவாங்சோ அந்நிய மொழிக் கல்லூரியின் குவே ஷிச்சுன், லீ ஷியாவ்ச்சூ ஆகியோர் முன்னின்று செய்த வேலை அது. இலக்கண விதி தெரியுமா என்று கேட்காமல் மொழியைப் பயன்படுத்தத் தெரியுமா என்று கேட்டால், பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர்கள் கணக்கு.

திரும்பியதா?

முழுசாக இல்லை. ச்சி லூஷியா என்ற ஆய்வாளர் 2000களில் தாள் தயாரிப்பவர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் என்று எல்லோரிடமும் பேசிப் பார்த்தார். மேலே இருப்பவர்கள் நினைத்தது ஒன்று, வகுப்பில் நடந்தது வேறு என்பதுதான் அவர் கண்டது. தாள் மாறியதும் ஆசிரியர்கள் தாளுக்குப் பின்னால் ஓடினார்களே தவிர, மொழிக்குப் பின்னால் ஓடவில்லை. வாசித்தல் என்றால் புத்தகம் படிப்பது என்று ஆகாமல், நாலு விடையில் ஒன்றைக் குறிப்பது என்று ஆனது.

இதன் விளைவுக்கு அங்கே ஒரு பெயரே உண்டு, 'ஊமை ஆங்கிலம்'. பத்து வருஷம் படித்து, கட்டுரை வாசித்துப் புரிந்துகொள்கிற பிள்ளை, வழி கேட்கும் வெளிநாட்டுக்காரரிடம் வாய் திறக்காது. எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. 150இல் பேச்சுக்குச் சுழியம் என்று தாளிலேயே எழுதிவைத்துவிட்டு, ஏன் பேசவில்லை என்று கேட்டால் எப்படி?

பெரிய குளறுபடி ஏதாவது நடந்திருக்கிறதா?

2018 நவம்பரில் செஜியாங் மாகாணத்தில் நடந்தது. அங்கே ஆங்கிலத்தை இரண்டு தடவை எழுதி நல்லதை வைத்துக்கொள்ளலாம். அந்தத் தடவைத் தாள் முந்தைய ஆண்டைவிடக் கடினமாகப் போய்விட்டது என்று, வாசித்தல், எழுதுதல் பகுதிகளின் சில கேள்விகளுக்கு மட்டும் எடை கூட்டி மதிப்பெண் போட்டுவிட்டார்கள். நோக்கம் சமன்படுத்துவது. ஆனால் எந்தக் கேள்வியில் சரியாக எழுதினாய் என்பதைப் பொறுத்து ஒருவனுக்குக் கூடி, பக்கத்தில் இருப்பவனுக்குக் கூடாமல் போனது. மதிப்பெண் வந்ததும் பெற்றோர்கள் கொதித்துவிட்டார்கள். விசாரணை நடந்து, டிசம்பர் தொடக்கத்தில் எடை போட்டது தவறு என்று அறிவித்து, பழைய மதிப்பெண்ணையே திருப்பிக் கொடுத்தார்கள். மாகாணக் கல்வித் துறைத் தலைவரின் பதவியும் போயிற்று.

காப்பி அடிக்க வழி உண்டா?

2015இல் திருத்திய குற்றவியல் சட்டத்தின்படி தேசியத் தேர்வுகளில் மோசடியை ஏற்பாடு செய்தால் ஏழு வருஷம் வரை சிறை. போதுமா?

ஆங்கிலத்தின் எடையைக் குறைக்கப்போகிறார்கள் என்கிறார்களே?

இந்தப் பேச்சு அவ்வப்போது கிளம்பும். 2013இல் பெய்ஜிங், ஆங்கிலத்தை 150இலிருந்து 100ஆகக் குறைத்து சீன மொழியை 180ஆக்கலாம் என்று ஒரு வரைவையே வெளியிட்டது. பெரிய பரபரப்பு ஆயிற்று. இன்றைக்கும் பெய்ஜிங்கில் ஆங்கிலம் 150தான்.

ஒரு தாளை நானே எழுதிப் பார்க்கலாமா?

தாராளமாக. பழைய தாள்கள் ஒலிப்பதிவோடு இணையத்தில் கிடைக்கும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு எழுதிப் பார்த்தேன். வாசித்தலில் 'டி' பத்தியில் ஒன்று தப்பு, தலைப்புக் கேள்வி, இன்றைக்கும் என் விடைதான் சரி என்று சண்டை போடத் தயார். 'ஏழில் ஐந்'தில் முழுசு. கேட்டலில்தான் மானம் போயிற்று. மூன்றாவது உரையாடலில் விலையா நேரமா என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் பத்து நொடியும் ஓடி, நாலாவது உரையாடல் பாதியில் வந்துகொண்டிருந்தது. இரண்டும் தப்பு. ஒரு தடவைதான் ஓடும் என்று தாளில் பளிச்சென்று போட்டிருந்தது, அதையும் நான் படித்திருந்தேன்.